இரும்புக் காரின் பேட்டரி கேபிள்

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் ரப்பர் காட்டு நடுவில் நின்றுபோன அன்று, போலீஸ் ஜீப் நேராக என் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தது. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்திருந்த அவசரகாலத்தில் கார் நின்றால் அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, சதி. பேட்டரி கேபிளைக் கட்டியவன் நான். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் எனக்கு பிட்டர் வேலை. சதி என்று சந்தேகம் வந்தாலே வழக்கு விசாரணையில்லாமல் உள்ளே போட்டுவிடுவார்கள். வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி.

காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை, காட்டுக்காரர்களை, நினைத்து, அவர்கள் குண்டுக்குப் பயந்து துரை காரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார். அதுவும் போதாமல், பேட்டரியில் குண்டு பட்டுவிடும் என்று அதைப் பின் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் மாற்றச் சொன்னார். பேட்டரி பின்னால், ஸ்டார்ட்டர் முன்னால். தூரம் கூடினால் கேபிளின் தடிமனும் கூட வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் சூடாகும், ஸ்டார்ட்டர் முனகும். சாமான் கணக்குப் பார்க்கும் ஸ்டோர் கிராணி விளக்கு ஒயரை நீட்டினார்.

"கம்பி கம்பிதானே, கரண்டு போனா சரிலா."

நான் அதை அவரிடமே கொடுத்துவிட்டு, பட்டாளம் கழித்துப் போட்ட லோரியிலிருந்து தடித்த கேபிளை எடுத்தேன். ஈயம் காய்ச்சி, கேபிள் முனையில் போல்ட் மாட்டும் லக் வைத்தேன். தகட்டுத் துளையின் விளிம்பு கேபிளை அறுக்காமல் இருக்க ரேடியேட்டரின் ரப்பர் ஓஸ் குழாயை வெட்டிச் சொருகினேன். பேட்டரி ஆடாமலிருக்கப் பக்கத்தில் மரக்கட்டையை அடித்து இறுக்கினேன். வேலை சுத்தம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அப்போது காட்டுக்காரர்களைப் பட்டினி போடுவதற்காக ஒரு சட்டம். தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக் கூடாது. பால்வெட்டுப் பெண்களின் தூக்குவாளிகளைக்கூடக் கேட்டில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். துரைக்குக் காவலாகப் பின் சீட்டில் உட்காரும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அந்தோணிக்கும் அதே சட்டம்தான். துரையின் ரொட்டியும் பிளாஸ்க்கும் மட்டும் யார் கண்ணுக்கும் சாப்பாடாகத் தெரியவில்லை.

கார் நின்றதும் துரையும் அந்தோணியும் கால்வாயில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். தோட்டத்து லோரி வந்து கட்டி இழுக்கும்வரை அவர்களைத் தாக்க வந்தவை குரங்குகள்தான்.

இன்ஸ்பெக்டர் தமிழர். காரை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைத்து, துரையின் முன்னாலேயே விசாரித்தார். துப்பாக்கியோடு எனக்குக் காவல் நின்றவன் அந்தோணி.

"கேபிள அறுத்தது யாரு?"

"அறுக்கல ஐயா. எரிஞ்சிருக்கு."

"சரி, எரிய வச்சது யாரு?"

பெட்டியைத் திறந்தேன். என் மரக்கட்டையைக் காணோம். அது இருந்த இடத்தில் கருகிய வாழையிலைப் பொட்டலம், உள்ளே சோறு. பிடிக்கக் கட்டை இல்லாததால் பேட்டரி ஆடி ஆடிக் கேபிளை இழுத்து, ஓஸை நழுவவிட்டு, தகட்டில் உரசவைத்திருக்கிறது; தோல் தேய்ந்து ஷார்ட்டாகி எரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது.

"ஓகோ, காட்டுக்குச் சாப்பாடு வேற போவுதா?"

யாருடைய சோறு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே நெஞ்செரிச்சல் என்று புலம்பிக்கொண்டிருந்தான் அந்தோணி. பேட்டரி ஆசிட் பக்கத்தில் வைத்த சோற்றைத் தின்றால் வேறென்ன வரும்? நான் சொன்னால் அவன் உள்ளே, சொல்லாவிட்டால் நான். வாயைத் திறக்கவில்லை. அதை நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வெறும் பயம்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஐயா, அது என் சோறு. காலையில போனா சாயங்காலந்தான் திரும்புறோம். தொரைக்கு ரொட்டி இருக்கு. எனக்குப் பசிக்குதுலா."

"கேட்டுல செக் பண்ணலையா?"

"தொரை காரை யாரு ஐயா செக் பண்ணுவா?"

சோறு கடத்தல் என்று வழக்குப் போட்டால், கடத்திய காரை ஓட்டியவர் துரை. அது இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது, துரைக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், இது சோறு இல்லே. கரி. கரிக்கு சட்டம் இல்லே."

கேபிள் பழசு, தரம் குறைவு என்று எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். நான் பார்த்துப் பார்த்து எடுத்த கேபிளுக்குத்தான் கெட்ட பெயர். என் வேலையைக் குறை சொன்னதற்காக வாழ்க்கையில் ஒருவரைக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான். அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் புதுக் கேபிள் போட்டேன். கட்டைக்குப் பதில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினேன். கையால் கழற்ற முடியாது. பின் சீட்டுக்கு அடியிலேயே, பேட்டரிக்கு எதிர்மூலையில், மூடியோடு ஒரு தகரப் பெட்டியும் பொருத்தினேன். துரை வந்து பார்த்தார்.

"இது என்ன?"

"டூல் பெட்டி, தொரே."

"ஸ்பேனர் எங்கே?"

"அந்தோணி கொண்டுவருவான், தொரே."

துரை மூடியைச் சாத்தினார். "பூட்டு போடு. சாவி அவன்கிட்ட இருக்கட்டும்."

இன்று கோல்ஃப் வண்டிக்குப் பேட்டரி கட்டும் பிள்ளைகள் எந்தக் கேபிள் நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். தடித்ததாகப் பார், நீளத்தைக் குறை, உரசும் இடத்தில் ரப்பர் வை, ஆடாமல் முடுக்கு என்கிறேன். அதெல்லாம் அன்றைக்கும் செய்திருந்தேன். அந்த வண்டியில் போகிறவன் எங்கே வைத்துச் சாப்பிடுவான் என்று மட்டும் கேட்கவில்லை.