கலங்கிய ஐஸ் டீயும் செல்வி அக்காவும்

பதினெட்டு வருடம் பார்த்த தேயிலை பாக்டரி வேலையை விட்டுவிட்டு, என் அக்கா செல்வி பூப்பாறை அருகே ஐஸ் டீ கடை போட்டிருக்கிறாள். பக்கத்து ரிசார்ட் மேனேஜர் சனிக்கிழமை மூன்று மணிக்கு ருசி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் தினமும் நாற்பது பாட்டில். பிடிக்காவிட்டால் மழைக்காலத்தோடு கடையை மூட வேண்டியதுதான். கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம் என்று போன மார்ச்சில் அந்தச் சனிக்கிழமை காலையே கிளம்பினேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் வேலந்தாவளம். காலை 7.30க்கு ஜங்ஷனிலேயே முதல் ஐஸ் டீ, இருபது ரூபாய். எலுமிச்சை, சர்க்கரை, உப்பு, நொறுக்கிய ஐஸ். தேயிலையைத்தான் தேட வேண்டியிருந்தது.

"அண்ணா, இதுல டீ எங்க?"

"ஏனுங்க அம்மணி, வெயிலுக்குக் குடிக்கறதுங்க இது. டீ வாசம் இருந்தாப் போதாதுங்களா?"

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சேர மணி 12.10. அங்கே ஐஸ் டீ எழுபது ரூபாய். பழ சிரப், உறிஞ்சுகுழல், மேலே ஒரு புதினா இலை. படத்துக்கு நன்றாக இருந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பூப்பாறையில் 1.30. வண்டி மீட்டரில் 178 கிலோமீட்டர். நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் உப்புப் போட்ட கட்டனை, அதாவது பாலில்லாத டீயை, பாட்டிலில் ஊற்றி மலைக்குக் கொண்டுபோவார்கள். பனிக்காற்றில் அது தானாக ஆறிவிடும். எலுமிச்சை, சிரப் எதுவும் கிடையாது. அக்கா விற்பது அதே கட்டன்தான், ஐஸோடு முப்பது ரூபாய்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது, சீக்கிரம் ஆறட்டுமே என்று வடிகட்டிய கட்டனைச் சுடச்சுட பிரிட்ஜில் வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு எடுத்தால், கண்ணாடி போல இருக்க வேண்டியது சேற்றுத் தண்ணீராகக் கலங்கிக் கிடக்கிறது. வேறு போட நேரமில்லை. அதற்குள் மேனேஜர் வந்து கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார்.

"எந்தா இது? பழசா?" என்றார் மேனேஜர்.

"ஏட்டி, சுடச்சுட உள்ள வச்சியா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்ட அக்கா, அவர் பக்கம் திரும்பினாள். "பழசு இல்ல சார். பாருங்க." கலங்கிய டீயை இன்னொரு கிளாஸில் கொஞ்சம் எடுத்து, அதில் கொதிநீர் ஊற்றினாள். கண்ணெதிரே தெளிந்து செம்பு நிறமானது. "சாறு உள்ள கொழுந்துதான் சார் ஆறினாக் கலங்கும். மட்டத் தூளு இப்பிடிக் கலங்காது. பாக்டரில நாங்க இத வச்சுத்தான் நல்ல டீயக் கண்டுபிடிப்போம்."

அவர் தெளிந்ததைத் தள்ளிவிட்டு, கலங்கியதை எடுத்து முழுதாகக் குடித்தார். "நாளை முதல் நாற்பது. கலங்கினதுதான் வேணும், கேட்டோ!"

என் அக்கா என்று சொல்லிக்கொள்வதில் அன்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

இந்த வழியில் வருகிறவர்களுக்கு: உடுமலைக்கும் மறையூருக்கும் நடுவே உள்ள சின்னார் காட்டுப் பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். மூணாறுக்கு மேல் ஸ்வெட்டர் வேண்டும். வேலந்தாவளத்தில் எலுமிச்சையோடு குடியுங்கள். அந்த வெயிலுக்கு அதுதான் சரி. பூப்பாறை தாண்டி, 'கலங்கிய டீ கிடைக்கும்' என்ற பலகையைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். அந்தப் பலகையை எழுதியது நான்தான்.