வேலு மேஸ்திரியின் எம்டன்

தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் ஒரு லைன் வீட்டுத் தரையில் ஞாயிறுதோறும் கடல் சண்டை நடக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களும் சிரித்தார்கள். கடலையே பார்க்காத இரண்டு கிழங்கள் விரல் நீளக் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு முட்டி தேயத் தவழ்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பெருமாள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு அவருக்கென்று மிஞ்சியது அந்த விளையாட்டும், எதிரே உட்காரும், அங்கே அவருக்கு மேஸ்திரியாக இருந்த வேலுவும்தான்.

கப்பல்கள் ஆண்டர்சன்பேட்டை பழைய சாமான் கடையில் அகப்பட்டவை. ஊரை விட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விற்ற டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. ஈயத்தில் வார்த்தவை. புத்தகங்களில் படித்த பழைய போர்களை வைத்து விதிகளை இவர்களே உண்டாக்கினார்கள். சாக்பீஸில் தீவு, டேப்பில் தூரம், பகடை உருட்டினால் குண்டு. எந்தப் போரானாலும் வேலு தோற்றவன் பக்கத்தைத்தான் எடுப்பார். "ஜெயிச்சவன் கப்பல ஓட்டறதுல இன்னாடா இருக்குது?" என்பார்.

ஒரு வருஷமாக வேலுவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. செத்துப்போன மனைவிக்கு டீ ஊற்றி வைத்தார். விடியற்காலையில் ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் போய் நின்றுகொண்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அழுதார். பெங்களூரில் இருக்கும் மகள் மாலா தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். அவளும் புருஷனும் வேலைக்குப் போனபிறகு, சம்பளத்துக்கு வைத்த ஆளோடு பூட்டிய ஃபிளாட்டில் கிடக்க வேண்டும். அவளைக் குறை சொல்ல முடியாது, பாவம், அவளும் என்ன செய்வாள்? ஆனாலும் பெருமாள் அவளுக்குப் போன் போட்டார்.

"கப்பலத் தொட்டாருன்னா அவரு பழைய மேஸ்திரிதாம்மா" என்று கெஞ்சினார். "வந்து உன் கண்ணாலயே பாரு. ஒரு சண்டைய முழுசா ஆடிட்டார்னா இங்கயே வுட்டுடு. நான் கூடவே வந்து படுத்துக்கறேன்."

"சரி மாமா, உங்களுக்காக வரேன். நடுவுல தடுமாறினார்னா அன்னிக்கே கூட்டினு போயிடுவேன். அப்புறம் நீங்க குறுக்க பேசக் கூடாது."

ஞாயிறு காலையில் மாலா காரில் வந்து இறங்கினாள். பெருமாள் தந்திரமாக எம்டன் போரைத்தான் விரித்து வைத்திருந்தார். மெட்ராஸ் மேல் குண்டு போட்ட எம்டன், கடைசியில் ஒரு தீவோரம் சிட்னி என்கிற பெரிய கப்பலிடம் மாட்டிக்கொண்டதே, அந்தப் போர். வேலு அதை எத்தனையோ முறை ஆடித் தோற்றிருக்கிறார்.

வேலு எம்டனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "சிட்னி பீரங்கி பெருசு. தூரமா நின்னோம்னா நம்மள கைமா பண்ணிடுவான். கிட்டக்க போய் ஒட்டிக்கணும்" என்று மகளுக்கு விளக்கினார். டேப்பைச் சரியாகப் பிடித்தார். பெருமாள் ஒரு முறை தப்பாக அளந்தபோது, "டேய், ஏமாத்தாதே" என்று கையைத் தட்டிவிட்டார். மாலா போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அப்பா, அடுத்தது உங்க குண்டா?" என்று கேட்டாள். பெருமாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது தரை அதிர்ந்தது. அந்த ஊரில் இது புதிதல்ல. மூடிக் கிடக்கும் சுரங்கத்துக்குள் எங்கேயோ பாறை வெடிக்கும், மேலே பாத்திரம் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். கப்பல்கள் கொஞ்சம் நகர்ந்தன. பெருமாள் சிரித்துக்கொண்டே, "ஆளெல்லாம் இருக்கா?" என்றார்.

உள்ளே வேலை செய்தவர்கள் வாயில் அது தானாக வரும், தும்மினால் நூறு என்பதைப் போல. நிலத்தடியில் பாறை வெடித்து விளக்கும் அணைந்துபோனால் முதலில் எழும் கேள்வி அதுதான். உடனே மேஸ்திரி தன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். உயிரோடு இருக்கிறவன் குரல் கொடுப்பான். அப்புறம்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருவார்கள். வேலு முன்னால் அதைச் சொல்லக் கூடாது என்று பாவி மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

வேலு எழுந்து நின்றார். "முனிரத்தினம்!"

முனிரத்தினம் நெஞ்சில் தூசி கட்டிச் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"முனிரத்தினம்! டேய், குரல் குடுடா!" வேலு இருட்டில் தடவுகிறவரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நடந்தார். கப்பல்கள் காலில் பட்டு உருண்டன. மாலா பிடிக்கப் போனாள், தள்ளிவிட்டார்.

"இருக்கேன் மேஸ்திரி" என்றார் பெருமாள்.

"தேவசகாயம்!"

"இருக்கேன் மேஸ்திரி."

"சின்னப்பையன்!"

"இருக்கேன்."

எல்லாரும் செத்தவர்கள். ஒரு பேரைக்கூட வேலு மறக்கவில்லை. மாலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பெருமாளு!"

"இருக்கேண்ணா. இதோ, உன் எதிர்லயே இருக்கேன்."

வேலு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "யாருய்யா நீ? பெருமாளு சின்ன வயசுக்காரன், மீசைகூட சரியா மொளைக்கல. அவன வுட்டுட்டு நான் மேல வரமாட்டேன்." சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மாலா அப்பாவின் துணிமணிகளைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். எவ்வளவோ கெஞ்சியும் வேலு அசையவில்லை. அவள் பெருமாளைப் பார்த்தாள். அவர் குறுக்கே பேசவில்லை.

பெருமாள் வேலுவின் பக்கத்தில் போய்க் குந்தினார். "மேஸ்திரி, பெருமாளு மொதல் கேஜ்லயே மேல போயிட்டான்."

"நெசமாவா?"

"என் கண்ணால பார்த்தேன். நீங்களும் ஏறுங்க."

வேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். பின் சீட்டில் அடக்கமாக ஏறி உட்கார்ந்தார். பெருமாள்தான் கார்க் கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பும்போது வேலு தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், அந்தப் பையன் பயந்திருப்பான். நான் வந்துட்டேன்னு அவனாண்ட சொல்லிடு."

"சொல்லிடறேன் மேஸ்திரி" என்றார் பெருமாள்.