வலிக்காது என்று சொன்னவரின் கடைவாய்ப்பல்

அழுகைக்குத் தமிழில் இருக்கும் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், நம் முன்னோர் அடிக்கடி பல் பிடுங்கிக்கொண்டவர்கள் என்றே தோன்றுகிறது. சிணுங்கல், விசும்பல், விம்மல், தேம்பல், கேவல், கதறல், அலறல், ஓலம். இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டால் புலவர்களே திணறக்கூடும். எங்கள் தெருப் பல் ஆஸ்பத்திரியில் முன்னறை மேசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டர் திணறமாட்டார்.

சிஸ்டர் என்றாலும் அவர் நர்ஸ் படிப்புப் படித்தவர் அல்ல. சீட்டு எழுத வந்தவர். வேலைக்கு வந்த முதல் நாளே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார். பல்வலிக்காரரிடம் போய்த் திருத்தம் சொல்வது மரியாதையாகாது என்று விட்டுவிட்டார். பத்தொன்பது வருஷமாக அப்படியே இருக்கிறது.

டாக்டரின் அறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. உள்ளே கொட்டாவி விட்டால் வெளியே கேட்கும். அதனால் உள்ளிருந்து வரும் சத்தங்களுக்கெல்லாம் பொருள் சொல்வதும் நாளடைவில் சிஸ்டரின் வேலையாகிவிட்டது.

"என்ன சிஸ்டர், யாரோ அலர்றாங்களே?"

"சேச்சே, முனகல்ங்க அது. ஊசி போடறப்ப எல்லாரும் முனகறதுதான்."

"ஐயோ அம்மான்னு கேட்டுச்சே?"

"அது பாசம்."

அலறலைக் கேவலாக்குவார், கேவலை விம்மலாக்குவார். எதுவும் இரண்டு படி இறங்கித்தான் காத்திருப்பவர் காதுக்குப் போகும். கட்டிய மனைவி வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே அம்மாவைக் கூப்பிட்ட கணவர்களின் பின்விளைவுகளுக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வார்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஊரில் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்கிறார்கள். சிஸ்டர் மட்டும் அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

போன மாதம் அவருக்கே கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியது. நான்கு நாள் கிராம்பை அடக்கிப் பார்த்தார். ஊரின் அந்தக் கோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு டாக்டரிடம் போய் நிம்மதியாக அழுதுவிட்டு வரலாம் என்பது திட்டம். வீங்கிய கன்னத்தோடு லீவு கேட்டதில் குட்டு வெளிப்பட்டது.

"நம்ம சிஸ்டரே இன்னொரு டாக்டர்கிட்ட வாயைத் திறந்தா, நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதாம்மா" என்றார் டாக்டர்.

திங்கள்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. அன்று முன்னறையில் மூன்று பேர்: ஒரு லாரி டிரைவர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாத ஒருவர். சிஸ்டரின் மேசையில் தற்காலிகமாக அவருடைய வீட்டுக்காரர். மெக்கானிக். தலையைச் சீவி உட்கார வைத்திருந்தார்கள்.

"உள்ள என்ன சத்தம் கேட்டாலும் முனகல்னு சொல்லுங்க" என்று சிஸ்டர் அவர் காதில் சொன்னார்.

"நீ கத்தினா?"

"கத்தமாட்டேன். நான் கத்தினா இத்தனை வருஷம் சொன்னது மொத்தமும் பொய்னு ஆயிடும். மூணு பேரும் எழுந்து போயிடுவாங்க. அப்புறம் ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வராது."

"வீட்ல கரப்பான்பூச்சிக்கே நீ போடற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்."

சிஸ்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வந்தது பாருங்கள், அதற்கு மேலே வரிசையில் சொல் கிடையாது. சுத்தமான ஓலம். அதுவும் ஆண்குரலில்.

டிரைவர் நிமிர்ந்தார். "உள்ள போனது சிஸ்டர்தானே?"

"ஆமா."

"அப்ப கத்தினது?"

வீட்டுக்காரர் யோசித்தார். "எங்க வீட்டுச் சத்தம் இல்லைங்க இது. உள்ள இருக்கறது மொத்தம் ரெண்டு பேர்." பிறகுதான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. "முனகல்தாங்க."

செல்போன்காரர் எழுந்து போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஊசி போட்டபின், மரத்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் விரலை உள்ளே விட்டிருக்கிறார். அழுகை வெளியே வந்துவிடுமோ என்று சிஸ்டர் வாயை இறுக்கி மூடியிருக்கிறார். அழுகை வரவில்லை. விரலும் வரவில்லை.

கால் மணி நேரம் கழித்து வாய் நிறையப் பஞ்சோடு சிஸ்டர் வந்தார். கண்ணில் தாரை தாரையாக நீர். பின்னால் ஆள்காட்டி விரலில் கட்டோடு டாக்டர். "அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மருத்துவக் காரணத்துக்கு மட்டும் சொன்னது போலத் தெரியவில்லை.

"வலிச்சுதா சிஸ்டர்?" என்று டிரைவர் கேட்டார்.

உண்மையில் வலிக்கவே இல்லை. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பத்தொன்பது வருஷமாகச் சிஸ்டர் தன்னை அறியாமல் மெய்யே பேசிவந்திருக்கிறார். அந்த வாக்கியத்தை ஊரே நம்பியது, சொன்னவர் ஒருவரைத் தவிர. அவர் நம்பியது பிளைவுட்டைத்தான்.

சீட்டுக் கட்டை இழுத்து, "வலிக்கவில்லை" என்று எழுதிக் காட்டினார்.

டிரைவர் சீட்டையும் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை நாள் வாயால சொன்னீங்க, நம்பிப் போனோம். இப்ப எழுதிக் குடுக்கறீங்க பாருங்க, அங்கதான் பயமா இருக்கு. லோடு ஏத்தணும், நாளைக்கு வரேன்."

நாளைக்கு வருகிறவர் அவ்வளவு வேகமாகப் படி இறங்கமாட்டார்.

மிச்சம் டீச்சர் ஒருவர்தான். அவரும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சிஸ்டர் அவசரமாக இன்னொரு சீட்டு எழுதி நீட்டினார்: "வலி இல்லை. பயம். அதற்குத்தான் அழுதேன்."

டீச்சர் விடைத்தாளைப் பார்ப்பது போல இரண்டு தரம் படித்தார். "இத்தனை வருஷமா எறும்பு எறும்புன்னீங்களே சிஸ்டர், இதை ஏன் சொல்லலை?"

சிஸ்டர் வாயிலிருந்த பஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"பயம் மரத்துப்போறதுக்கு ஊசி ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சிஸ்டர் தலையாட்டினார்.

டீச்சர் பையைக் கழற்றிச் சிஸ்டரின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். பிளைவுட் வழியாக அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"பயப்படாதீங்க டாக்டர், நான் கடிக்கமாட்டேன். அழுவேன், அவ்வளவுதான்."