மஞ்சள் அளவு நாடா

ஹனோவரில் நான் தையல் வேலை பார்த்த நாடக அரங்கிற்கு, ஒரு பருவம் நடிக்க வந்த ஸ்பானிய நடிகைக்கு மஞ்சள் நிறமே ஆகாது. மேடைக்கு அது கூடாது என்பது அவர்கள் ஊர் நடிகர்களின் நம்பிக்கையாம். என் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கண்டதும் அந்த நெடிய உடம்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்காகவே வெள்ளை நாடா ஒன்று வாங்கினேன்.

உடை சரிபார்க்கும்போதெல்லாம் நரைத்த புருவத்தை உயர்த்தி எதையாவது கேட்பார். யாரிடமும் சொல்லாததை அரைகுறை ஜெர்மனில் அவரிடம் சொன்னேன். தம்பி இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, மடித்த குளியல் துவாயையே உதறி உதறித் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

முதல் நாள் நாடகத்துக்கு இலவசச் சீட்டு இரண்டு தந்தார். அவர் நடித்த தாய்க்கு மகன் செத்த செய்தி வந்ததும் மேடையில் ஒரு துவாயை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார். தம்பியின் செய்தி வந்த அன்று வீட்டில் என்னைப் பார்த்திருந்த என் கணவர், "இது நீரெல்லோ?" என்றார். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒப்பனை அறையில், "சரியாக வந்ததா?" என்று நடிகை ஆவலாகக் கேட்டார்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டால் நீ விட்டிருக்க மாட்டாயே."

மறுநாள் அவருடைய பாவாடையைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. மஞ்சள் நாடாவோடு போனேன். பார்த்தார், இரண்டு கைகளையும் உயர்த்தினார். இடுப்பைச் சுற்றி நாடாவை இழுத்தபோது அவர் உடம்பு நடுங்கியது.

அதுவும் நடிப்புத்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.