உளுந்துக்கு அடியில் வேகத்தடை

எங்கள் வீட்டு வாசல்படியை விட்டு இறங்கினால் தார்ச்சாலைதான். கும்பகோணம் பேருந்துகள் போகிற வேகத்தில் அடுக்களைப் பாத்திரங்கள் அதிரும். போதாக்குறைக்குப் பத்து வீடு தள்ளி இருக்கும் வளைவில், டீக்கடையை ஒட்டி வைக்கோல் லாரிகளை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். எதிரே என்ன வருகிறதென்று கிட்டே போனால்தான் தெரியும். என் மகள் அந்த வளைவைத் தாண்டித்தான் தினமும் ஸ்கூட்டரில் கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.

போன வருஷம் அந்த வளைவில் ஒரு லாரி இடித்து, பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கால் முறிந்தது. ஊரே கொதித்தது. மறியல் செய்தோம். மண்டை காயும் வெயிலில் நானும் போய் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு முன்வரிசையில் அந்தத் தம்பி. ஒருவழியாக வளைவில் வேகத்தடை போட்டு, அதன் மேல் வெள்ளைக்கோடும் அடித்தார்கள். 'இங்கே வண்டி நிறுத்தக்கூடாது' என்று பலகையும் நட்டார்கள். லாரிகள் இப்போது அந்தப் பலகையின் நிழலில் நிற்கின்றன. ஆனால் பேருந்துகள் அடங்கிப்போயின. அதற்கு முன்பெல்லாம் மகள் வந்து சேரும்வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்த எனக்கு, அந்த மேடு பெரிய நிம்மதியாக இருந்தது.

இந்தப் பங்குனியில் உளுந்து பிடுங்கினார்கள். பிடுங்கிய செடியை ரோட்டில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும், அடிக்க ஆள் தேட வேண்டாம். அன்று மகள் வேலைக்குப் போன பிறகு பால் வாங்க வளைவுக்குப் போனேன். வேகத்தடையைக் காணவில்லை. கணுக்கால் உயரத்துக்குச் செடி கிடந்தது. மேடும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. பரப்பிக்கொண்டிருந்தவர் யாரென்று பார்த்தால், மறியலில் முன்வரிசையில் இருந்த அதே தம்பி.

"என்ன தம்பி, பிரேக்கர் மேலயே போட்டிருக்கீங்க? வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஊரு ஆளுங்களுக்குத் தெரியாதாக்கா? ரெண்டு நாள்தான், அள்ளிடுறேன்."

மத்தியானம் வெளியூர்க்காரர் ஒருவர் பைக்கோடு அந்த மேட்டில் தூக்கி எறியப்பட்டார். முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "பாத்து வரக்கூடாதா சார்?" என்று அவரையே திட்டினார்கள். அவர் நொண்டிக்கொண்டே போனதும், சிதறிய செடியைத் தம்பி விளக்குமாற்றால் கூட்டி மறுபடி மேட்டின் மேல் தள்ளினார். நான் ஒரு பக்கம் விலக்க, அவர் மறுபக்கம் பரப்ப, அப்படியே பொழுது சாய்ந்துவிட்டது.

மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள். எடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவளே நான்தான். இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடை வெளிச்சத்தை லாரி மறைத்தது. இனி யாரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? டீக்கடைச் சிவப்பு நாற்காலியைத் தூக்கி வந்து, மேட்டின் மேலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவான்! எந்திரிங்க!" என்று தம்பி கத்தினார்.

"நீங்க மொதல்ல செடிய அள்ளுங்க."

அவர் அள்ளவில்லை. ஒரு லோடு ஆட்டோ என்னைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனது. முந்தானை காற்றில் இழுபட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

லாரியைச் சுற்றிக்கொண்டு ஒரு விளக்கு வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் ஸ்கூட்டர் நின்றது. மகள்தான்.

"பைத்தியமாம்மா உனக்கு? நடுரோட்டுல வந்து உக்காந்திருக்க!"

"இங்க பிரேக்கர் இருக்குடி."

"இங்க எங்க இருக்கு? அது இன்னும் தள்ளிதானே?" என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

குனிந்து அவள் வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில் கிடந்த செடியைக் கையால் விலக்கினேன். சக்கரம் வெள்ளைக்கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.