மூடாத சுரங்கமும் என் ஃபார்வர்டும்

போன மாதம் ஒரு காலை. காபி ஆறுவதற்குள் எனக்கு ஒரு செய்தி வந்தது. 'இரும்புத் தாதுச் சுரங்கத்துக்குப் பூட்டு, உரிமம் ரத்து!' கீழே ஒரு கம்பெனியின் பெயர். தலைப்பை மட்டும் படித்தேன். எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன்.

"ஹௌதா? அய்யோ!" என்று, 'அப்படியா' என்பதைத் தன் மொழியில் கேட்டு, மூன்றாவது மாடி கன்னடக்காரர் பதில் போட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்... முதலில் சொன்னவன் நானல்லவா!

அந்தக் குரூப்பில் பாஸ்கரும் இருக்கிறார் என்பது நினைவில்லை.

பாஸ்கர் எங்கள் எலெக்ட்ரீஷியன். பக்கத்துப் பேட்டையான மர்பி டவுன்காரர். ரிப்பேர் வேலைகளைச் சொல்ல வசதியாக அவரையும் சேர்த்திருந்தோம். அவர் மனைவியின் அண்ணன், பெல்லாரி பக்கம் அதே கம்பெனியின் சுரங்கத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். அந்தத் தெம்பில் பாஸ்கர் பல வருடங்களாகச் சிறுகச் சிறுக அந்தப் பங்குகளையே வாங்கி வந்தார். மகளை நர்ஸிங் படிக்கவைக்க.

செய்தியைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கினாராம். மச்சானுக்கு போன் அடித்தார் — எடுக்கவில்லை. எனக்கு அடித்தார் — நான் குளித்துக்கொண்டிருந்தேன். பங்கு விலையோ கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. போனிலேயே அத்தனையையும் விற்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் கூப்பிட்டார். "மூடிட்டாங்கன்னு யாரு மாப்ளே சொன்னது? என் எதிர்ல லாரி வரிசையா நிக்குதே!"

அப்புறம்தான் நான் முழுசாகப் படித்தேன். பழைய செய்தி. வேறு மாநிலம். கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொரு கம்பெனி! மதியம் இந்தக் கம்பெனி மறுப்பு வெளியிட்டது. விலை பழைய இடத்துக்கே ஏறியது. பொறுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் பாஸ்கர் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னோடது, பாஸ்கர்."

"விடுங்க சார். நீங்களா வித்தீங்க? என் விரலுதானே அமுக்குச்சு."

டீயை வைத்த அவர் மனைவி சாந்தியால் அப்படி விட முடியவில்லை. "எங்கண்ணன் அங்கயே நிக்குது. அது பேசுற வரைக்கும் இருன்னு போன்ல கத்துனேன் சார். 'பத்திரிகைல எழுதுறவரு பொய்யா போடுவாரு?'ன்னு என்னையே திட்டுனாரு."

நஷ்டத்தில் ஒரு பகுதியையாவது நான் தருகிறேன் என்றேன். பாஸ்கரின் முகம் சுருங்கிவிட்டது. "அதெல்லாம் வேணாம் சார். டீ ஆறுது... குடிங்க."

மகள் ஆசைப்பட்ட காலேஜை விட்டுவிட்டு, ஃபீஸ் குறைந்த வேறொன்றில் சேர்ந்திருக்கிறாள். பாஸ்கர் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார்.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். முதல் செய்தியை எத்தனை பேர் எங்கெங்கே அனுப்பினார்களோ... யாருக்குத் தெரியும்?

அந்தச் செய்தியை முதலில் கிளப்பிவிட்டவன் யாரோ. அவன் சொல்லியிருந்தால் பாஸ்கர் நம்பியிருப்பாரா? நான் சொன்னதால் நம்பினார். அதுதான் உறுத்துகிறது.

நேற்று ஃபேன் மாட்ட வந்தார். எப்போதும் வேலைக்கு நடுவே, "என்ன சார் நியூஸு?" என்று கேட்பார்.

நேற்று கேட்கவில்லை.