எந்தத் தெருன்னு கேட்டாங்க

பிரான்சி ஒரு பயந்தாங்கொள்ளி. அதை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் என்னமோ வீராங்கனை கதை கேட்க வந்தோம்னு யாரும் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது. பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிடுவா. ரோட்டைத் தாண்ட இன்னைக்கும் என் கையைப் பிடிச்சுக்குவா. பாலக்கரையில ஒரே சந்துல வளர்ந்தவங்க நாங்க. அவ வேதக்கார வீடு, நான் ராவுத்தர் வீட்டு ஹாஜிரா. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே காலேஜ்ல வேலை. அவ ஹிஸ்டரி மேடம், நான் ஆபீஸ்ல கிளார்க்.

அமெரிக்க வரலாறு பேப்பர் அவளோடது. என் மேசைக்குப் பின்னாடிதான் அவ கிளாஸ், அதனால பாதிப் பாடம் எனக்கே மனப்பாடம். கறுப்பங்களுக்குத் தனிக் குழாய், தனிப் பள்ளிக்கூடம், பஸ்ல பின்னாடி சீட்டு. அதெல்லாம் செல்லாதுன்னு ஒவ்வொரு தீர்ப்பா, ஒவ்வொரு சட்டமா வந்த கதை. பல்லிக்குப் பயப்படுறவ அங்க கணீர்னு பேசுவா. ஒரே ஒரு இடத்துல மட்டும் குரல் இறங்கிடும். வியட்நாம் போர்ல செத்த ஒரு கறுப்பினச் சிப்பாயைப் பத்தின இடம் அது. பர்மிங்ஹாம்ல அவன் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு சொல்லி இடம் தர மாட்டேன்னுட்டாங்க. பெத்தவளும் பொண்டாட்டியும் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சு, வேற இடத்துல புதைச்சிருந்தவனைத் தோண்டி எடுத்துட்டு வந்து அங்கேயே வெச்சாங்க.

அந்த இடத்துல ஏன் குரல் இறங்குதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிரான்சி குடும்பத்தோட கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுலயும் ஒரு சுவர் இருக்கு. எந்தக் கோயிலோடதுன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு இந்த ஊர்ல பொழைப்பு நடக்கணும். சுவத்துக்கு இந்தப் பக்கம் பெரிய கேட்டு, பளிங்குக் கல்லறை, பூச்செடி. அந்தப் பக்கம் சின்ன வழி, முள்ளு, மழை பெய்ஞ்சா முழங்கால் தண்ணி. பிரான்சியோட அம்மா அந்தப் பக்கம் கிடக்குறாங்க. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு சேத்துல நின்னு மெழுகுவத்தி கொளுத்திட்டு வருவா.

யாரும் வாய்விட்டு சாதி கேட்க மாட்டாங்க. எல்லாரும் கர்த்தரோட பிள்ளைங்களாச்சே. செத்துப்போன சேதி சொன்னா, கோயில் உபதேசியார் "எந்தத் தெரு?"ன்னு கேட்பார். அதுலயே எல்லாம் முடிஞ்சுடும். தெருப் பேரை வெச்சு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணி, குழி வெட்டுறவருக்கு ஆள் அனுப்பிடுவார்.

பிரான்சி அப்பா அற்புதசாமி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு வருஷம் முன்னாடி அவ காட்டூர்ல ஃபிளாட் வாங்கி அவரையும் கூட்டிட்டுப் போயிட்டா. போன மாசம் ஒரு விடிகாலையில தூக்கத்துலயே போயிட்டார். பழைய கோயில்தான் வேணும்னு போன் பண்ணினா. அங்க உபதேசியார் புதுசு, வெளியூர்க்காரர். எந்தத் தெருன்னு கேட்டார். இவ காட்டூர்ல ஏதோ நகர் பேரைச் சொல்லியிருக்கா. எல்லாரும் கலந்து குடியிருக்குற புது நகர் அது. மனுஷனுக்கு என்ன தெரியும், ரயில்வே பென்ஷன், காலேஜ் மேடம் வீடுன்னு நினைச்சு பெரிய கேட்டுப் பக்கம் குழி வெட்டச் சொல்லிட்டார்.

பிரான்சி தம்பி பிலோமின்ராஜ் பாலக்கரையில செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கான். குழி பார்க்கப் போனவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். முகத்துல ரத்தமே இல்லை. எங்க ரெண்டு பேரையும் அடுப்படிக்குள்ள இழுத்துக் கதவைச் சாத்திட்டு விஷயத்தைச் சொன்னான். இன்னும் நேரம் இருக்கு, அந்தப் பக்கம் வேற குழி வெட்டிடலாம், இல்லைன்னா என் கடையை விட்டு வெக்க மாட்டாங்கன்னு அழுதான்.

பிரான்சி கேஸ் சிலிண்டர் பக்கத்துல அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. தண்ணி குடுத்தேன், டம்ளர் பல்லுல டக்டக்னு அடிச்சுது. போலீசுக்குச் சொல்லி வெப்போமான்னு கேட்டேன். வன்கொடுமைச் சட்டம் மதம் மாறின குடும்பங்களுக்கு வராது ஹாஜிரான்னு பாடம் மாதிரி சொன்னா. சரி, இவ விட்டுக் குடுத்துடுவான்னு நினைச்சேன். நெஜத்தைச் சொல்றேனே, விட்டுக் குடுத்துட்டா தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

அவ தம்பியைப் பார்த்தா. "நாம கேட்கலைடா. அவங்களேதான் வெட்டியிருக்காங்க. அப்பாவுக்கு வெட்டின குழியை மூடுங்கன்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்?"

பூசை முடிஞ்சு பெட்டியோட போனோம். அதுக்குள்ள சேதி பரவிடுச்சு. பெரிய கேட்டுல பத்து இருபது ஆம்பிளைங்க நின்னாங்க. கத்தியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஒருத்தரும் சத்தம் போடலை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கையைக் கூப்பிக்கிட்டு முன்னாடி வந்தார். அற்புதசாமி தங்கமான மனுஷன், ஏதோ தப்பு நடந்துபோச்சு, அந்தப் பக்கம் வேற குழி தயாராயிட்டு இருக்குன்னார். அப்புறம் ரொம்ப அன்பா, "உங்கம்மா அங்கதானே இருக்காங்க. புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்கலாமாம்மா?"ன்னு கேட்டார்.

பாவிங்க, எங்க அடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சு அடிச்சாங்க. பிரான்சி என் கையைப் பிடிச்சிருந்தா. அவ நகம் என் தோல்ல இறங்குச்சு.

"பிரிக்க வேண்டாங்க," அப்படின்னா. குரலே வரலை, காத்துதான் வந்துச்சு. "சுவத்தை எடுத்துடுங்க."

சின்ன வயசு ஃபாதர் வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னவர், என்ன செய்யறதுன்னு தெரியாமலோ என்னமோ, புஸ்தகத்தைத் திறந்து ஜெபத்தை ஆரம்பிச்சு உள்ள நடந்துட்டார். சாமியார் ஜெபத்தோட நடக்கும்போது யார் மறிக்கிறது? பெட்டி பின்னாடியே போச்சு. நான் வாசல் கேட்டுப் பக்கத்துலயே நின்னு கலிமா சொல்லிக்கிட்டு இருந்தேன். அற்புதசாமியை அங்கேயே இறக்கினாங்க.

அதோட முடிஞ்சிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்போமே. பிலோமின்ராஜ் கடைக்கு ஆள் வரது நின்னுபோச்சு. காட்டூர் வீட்டு வாசல்ல ஒரு பைக் மெதுவாப் போகும், திரும்ப வரும். நம்பர் தெரியாத போன் வரும், எடுத்தா பேச மாட்டாங்க. பொணத்தை எடுத்து அந்தப் பக்கம் போட்டுடுவோம்னு டீக்கடையில பேசிக்கிட்டதா சொன்னாங்க. அதுல இருந்து பிரான்சி தினம் விடிஞ்சதும் முதல் பஸ் பிடிச்சுக் கல்லறைக்குப் போயிடுவா. மண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணுவா. "அப்பா இருக்காரு ஹாஜிரா." அவ்வளவுதான் சொல்லுவா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

போன வெள்ளிக்கிழமை போன் வரலை. நான் போட்டா எடுக்கலை. யா அல்லாஹ்ன்னு புர்காவை மாட்டிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு ஓடினேன். பிரான்சி மண்ணுல முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தா. தலைமாட்டுல மண்ணு ஒரு முழம் அள்ளிப் போட்டிருந்துச்சு. நாயா இருக்கும்னு சொன்னேன். சொல்லும்போதே தெரிஞ்சுது, நாய் நகம் பட்ட தடம் இல்லை அது. மம்பட்டி நேரா இறங்கின வெட்டு.

பிலோமின்ராஜுக்கு நான்தான் போன் பண்ணினேன். வந்து பார்த்தான். கேட்டுக்கு வெளிய ரெண்டு பேர் பைக்கை நிறுத்திட்டு எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இவன் அவங்களைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கத்தப்போறான், அன்னைக்கே சொன்னேன்ல கேட்டியான்னு திட்டப்போறான்னு நான் நினைச்சேன். அவன் அள்ளிக் கிடந்த மண்ணைக் கையால தள்ளி மூடினான். அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு அந்த மண்ணு பக்கத்துலயே சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டான்.

கடை திறக்கலையாடான்னு பிரான்சி கேட்டா.

"நீ காலேஜுக்குப் போக்கா. நான் இருக்கேன்," அப்படின்னான்.